ஸ்பே ராடு: எதை வாங்குவது, எப்படி வீசுவது?

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாக 9 அடி ஒற்றைக்கை ஃப்ளை ராடில் ட்ரவுட் மீன் பிடிக்கிறாராம் (ராடு என்பது தூண்டில் கம்பு, ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய போலி இரை). அடுத்த வசந்தத்தில் ஸ்பே ஆற்றுக்கு சால்மன் பிடிக்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். 15 அடி இரட்டைக்கை ராடு இல்லாமல் வராதே என்கிறார்கள். கடைக்குப் போனால் ஸ்காண்டி, ஸ்காஜிட், கிரெயின், சிங்க் டிப் என்று அடுக்குகிறார்கள். "எதை வாங்குவது, வாங்கினால் எப்படி வீசுவது? தலை சுற்றுகிறது அண்ணா" என்று முடித்திருக்கிறார்.

அவசரத்தில் இருந்தால் பதில் இவ்வளவுதான்: 15 அடி வேண்டாம், 13 போதும். ராடுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து லைனுக்கும் (தூண்டில் கயிறு) ஒரு நாள் பயிற்சிக்கும் வையுங்கள். வீசும்போது மேல்கையை, அதாவது ராடில் மேலே பிடிக்கும் கையை, மறந்துவிட்டு, ராடின் அடியைப் பிடிக்கும் கீழ்க்கையால் இழுங்கள். நேரம் இருந்தால் மேலே படியுங்கள். நான் ஸ்பேக்கு அருகே எல்ஜின் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன். இதில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் காசு கொடுத்துச் செய்து முடித்தவன்.

ஸ்பே என்பது முதலில் ஆற்றின் பெயர். ராடின் பெயரும் வீச்சின் பெயரும் அதிலிருந்து வந்தவை. ஸ்காட்லாந்து மலைநாட்டில் சின்ன ஏரி ஒன்றில் கிளம்பி, சுமார் 170 கிலோமீட்டர் ஓடி, வடகிழக்கே கடலில் விழுகிறது. கரையோரம் முழுக்க விஸ்கி வடிக்கும் ஊர்கள். அகலமான, வேகமான ஆறு. கரை பல இடங்களில் உயரம், அதில் மரங்கள் நெருக்கம். நீங்கள் ட்ரவுட்டுக்கு வீசுகிற மாதிரி லைனைத் தலைக்குப் பின்னால் நீட்டி, பிறகு முன்னால் அடிக்க வேண்டுமென்றால், முன்னால் 25 மீட்டர் போவதற்குப் பின்னால் 25 மீட்டர் வெட்டவெளி வேண்டும். ஸ்பே கரையில் பின்னால் 5 மீட்டரிலேயே பிர்ச் மரம் நிற்கும். அதனால் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே மீன் பிடித்தவர்கள் லைனைப் பின்னால் நீட்டாமலே முன்னால் அனுப்பும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் மரத்தில் செய்த 18 அடி ராடு. ஒரு கிலோவுக்கு மேல் எடை. நாள் முழுக்க அதை வீசியவர்களின் தோளை நினைத்தாலே எனக்கு வலிக்கிறது. இன்றைய கார்பன் ராடு அதில் நாலில் ஒரு பங்கு எடைகூட இருக்காது.

அந்த வித்தை என்ன? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ராடு ஒரு வில். அது வளைந்தால்தான் லைனை உந்தும். வளைவதற்கு எதிரே ஏதாவது எடை இழுக்க வேண்டும். தலைக்கு மேல் வீசும்போது பின்னால் நீண்டு போன லைனின் எடை இழுக்கிறது. ஸ்பே வீச்சில் அந்த வேலையைச் செய்வது இரண்டு விஷயம். லைனின் நுனியும், அதற்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பான லீடரும் உங்களுக்குப் பக்கத்தில், ஒரு ராடு தூரத்தில், தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இதை நங்கூரம் என்பார்கள். மீதி லைன் ராடு நுனியிலிருந்து உங்களுக்குப் பின்னால் தொப்பை போட்டுத் தொங்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும், அதனால் டி லூப். முன்னால் அடிக்கும்போது அந்தத் தொப்பையின் எடையும், தண்ணீரில் ஒட்டிய நுனியின் பிடிப்பும் சேர்ந்து ராடை வளைக்கின்றன. பின்னால் தேவைப்படும் இடம் நாலைந்து மீட்டர்தான். பிர்ச் மரம் தப்பித்தது.

இதிலிருந்தே இரண்டு விதி கிடைக்கிறது. ஒன்று, டி லூப் எந்தத் திசைக்கு நேர் எதிரே விழுகிறதோ அந்தத் திசையில்தான் முன்வீச்சு போகும். தொப்பை வடக்கே இருக்க நீங்கள் கிழக்கே அடித்தால், நுனி தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு கோணலாக வந்து குவியலாக விழும். இன்னொன்று, நங்கூரம் அளவாக ஒட்ட வேண்டும். அதிகம் ஒட்டினால் லைன் சேற்றில் புதைந்த வண்டிச் சக்கரம் மாதிரி நகராது. ஒட்டவே இல்லையென்றால் பின்னால் பறந்து, சாட்டை மாதிரி 'பட்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஃப்ளை போயிருக்கும், பாருங்கள்.

இனி காற்று. இது பாதுகாப்பு விஷயம், விளையாட்டல்ல. நங்கூரம் எப்போதும் காற்று போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்று இடப்பக்கமிருந்து வந்தால் நங்கூரம் வலப்பக்கம். காற்று ஆற்றோடு கீழே அடித்தால் கீழ்ப்பக்கம், ஆற்றுக்கு எதிராக மேலே அடித்தால் மேல்பக்கம். மாற்றிப் போட்டால் முழு லைனையும் காற்று உங்கள் மேலேயே தள்ளும், நுனியில் முள். நான் இரண்டாவது வருடம் ஒரு ஏப்ரல் காலையில் இதைச் சோம்பல்பட்டு மீறினேன். "ஒரே ஒரு வீச்சுதானே" என்று நினைத்தேன். இரட்டைமுள் ஒன்று இடது காதுமடலில் ஏறி உட்கார்ந்தது. கொண்டை நசுக்கிய முள் என்பதால் அதே வழியில் வெளியே வந்தது. அன்றிலிருந்து கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் நான் தண்ணீரில் இறங்குவதில்லை.

வீச்சிலும் வகைகள் உண்டு. காற்று ஆற்றோடு கீழ்நோக்கி என்றால் டபுள் ஸ்பே அல்லது ஸ்நேக் ரோல். மேல்நோக்கி என்றால் சிங்கிள் ஸ்பே, அல்லது ஸ்நாப் டி, சர்க்கிள் சி வகைகள். பெயர்ப் பட்டியல் இன்னும் நீளும். நீங்கள் முதல் வருடத்துக்கு ஒன்றே ஒன்றைப் பழகுங்கள்: டபுள் ஸ்பே. வேகமே வேண்டாத வீச்சு அது. நடுவில் நிறுத்தி யோசிக்கக்கூட நேரம் தரும்.

வலது கையை மேலே பிடிக்கிற ஆள், ஆற்றின் வலது கரையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இருப்பது வலது கரை. அங்கிருந்து திரும்பி ஆற்றைப் பார்த்தால் கீழ்ப்பக்கம் உங்கள் வலது கைப் பக்கம் வரும். போன வீச்சு முடிந்து லைன் நேராகக் கீழே நீண்டு தொங்குகிறது. ராடு நுனியைத் தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்துங்கள், தளர்ச்சி இல்லாமல். இப்போது மெதுவாகத் தூக்குங்கள். கிணற்றிலிருந்து நிறைகுடத்தைச் சிந்தாமல் தூக்கும் வேகம் போதும். ராடு பாதி நிமிர்ந்ததும் உடம்புக்குக் குறுக்கே மேல்பக்கமாகக் கொண்டுபோய் நுனியைத் தாழ்த்துங்கள். லைன் உங்கள் முன்னால் தண்ணீரில் கிடக்கும். ஆனால் அதன் நுனி உங்களைத் தாண்டி மேலே போயிருக்கக் கூடாது, கீழ்ப்பக்கம் ஒரு ராடு தூரத்திலேயே நிற்க வேண்டும். போய்விட்டதென்றால் அதிகம் இழுத்துவிட்டீர்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள். சரியாக இருந்தால் ராடைத் திரும்பக் கீழ்ப்பக்கமாக, தட்டையாக, ஒரே சீராகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். லைன் தண்ணீரை உரித்துக்கொண்டு வரும்போது வெள்ளையாக ஒரு கோடு தெறிக்கும். இங்கே அதை வெள்ளை எலி ஓடுகிறது என்பார்கள். அந்த எலி உங்களைத் தாண்டி வலப்பக்கம் வரும்போது ராடு மேலேறி வலது தோளுக்குப் பின்னால் ஒரு மணி முள் நிலையில் நிற்க வேண்டும். பின்னால் தொப்பை விழும். ஒரு மூச்சு விடுங்கள். பிறகு அடி.

அந்த 'அடி'யில்தான் எல்லோரும் தோற்கிறோம். ஒற்றைக்கை ராடில் பழகியவர்களுக்கு மேல்கையால் தள்ளுவது ரத்தத்தில் ஊறியிருக்கும். இரட்டைக்கை ராடில் மேல்கை வெறும் அச்சு. வேலை கீழ்க்கைக்கு. இரண்டு கைக்கும் நடுவே சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளி. மேல்கையிலிருந்து நுனி வரை 3.6 மீட்டர். அதாவது 8 மடங்கு. கீழ்க்கையை வயிற்றை நோக்கி 30 சென்டிமீட்டர் இழுத்தால் நுனி 2.4 மீட்டர் பாயும். கடப்பாரையைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீளப் பக்கத்தை அமுக்கிக் குட்டைப் பக்கத்தில் பலம் வாங்குகிறோம். இங்கே குட்டைப் பக்கத்தை இழுத்து நீளப் பக்கத்தில் வேகம் வாங்குகிறோம். மேல்கையால் ஓங்கித் தள்ளினால் நுனி தண்ணீரை நோக்கி வளைந்து இறங்கும், காற்றில் போகும் லைனின் வளைவு (லூப்) வாயைப் பிளந்துகொண்டு போய்ப் பாதி தூரத்தில் விழும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த முதியவர் ஒரு கில்லி. கிட்டிப்புள் கில்லி அல்ல. ஆற்றில் வழிகாட்டியாக வேலை செய்பவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் தள்ளித் தள்ளித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் மேல்கை விரல்களைப் பிரித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ராடைத் தொடும்படி வைத்தார். அந்தப் பிடியில் தள்ளவே முடியாது. வேறு வழியில்லாமல் கீழ்க்கையால் இழுத்தேன். லைன் முதல்முறையாகச் சத்தமில்லாமல் போய், நேராக விழுந்தது. நீங்களும் முதல் நாளே இரண்டு விரலில் ஆரம்பியுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்குவதிலிருந்து சுற்றுவது வரை விளம்ப காலம். கடைசி இழுப்பு மட்டும் சுருக்கென்று, உடனே நிறுத்தம். பதற்றத்தில் தூக்குவதிலேயே வேகம் காட்டினால் நுனி தண்ணீரிலிருந்து பிய்ந்து எங்கோ போய் விழும். சிங்கிள் ஸ்பேயில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். அங்கே லைன் நுனி காற்றில் பறந்து வந்து உங்கள் மேல்பக்கம் தண்ணீரை முத்தமிடும் அந்தக் கணத்தில் முன்வீச்சு தொடங்க வேண்டும். பார்க்க அதைவிட அழகான வீச்சு இல்லை. எனக்கு நாலு வருடம் ஆனது, இன்னும் பத்தில் மூன்று சொதப்புகிறேன்.

சரி, கடைக்குப் போவோம்.

நான் முதலில் வாங்கியது 8-ஆம் எண் இரட்டைக்கை ராடு. எந்த எடை லைனுக்கு ஏற்ற ராடு என்பதைச் சொல்லும் எண் அது. வீட்டில் ஏற்கனவே 8-ஆம் எண் ஒற்றைக்கை லைன் இருந்தது. எண் ஒன்றுதானே என்று அதையே மாட்டினேன். ராடு வளையவே இல்லை, விளக்குமாற்றுக் குச்சியில் தையல் நூல் கட்டி வீசுகிற மாதிரி. காரணம் இதுதான்: ஒற்றைக்கை 8-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம். இரட்டைக்கை 8-ஆம் எண் ராடு கேட்பதோ 500 முதல் 600 கிரெயின் வரை. 540 என்று வைத்தால் 35 கிராம். எண் ஒன்று, எடை இரண்டரை மடங்கு. அதனால் ராடு எண்ணை மறந்துவிட்டுக் கிரெயினைக் கேளுங்கள். பல ராடுகளில் கைப்பிடிக்கு மேலேயே எத்தனை கிரெயின் என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால் ராடு செய்தவர்களின் பட்டியலில் இருக்கும். ஒரு கிராம் 15.43 கிரெயின், இதை மட்டும் மனதில் வையுங்கள், மீதியைச் சமையலறைத் தராசு பார்த்துக்கொள்ளும்.

இன்றைய லைன் பெரும்பாலும் ஒரே துண்டல்ல. முன்னால் கனமான குட்டைப் பகுதி, அதற்கு ஹெட் என்று பெயர். அதற்குப் பின்னால் மெல்லிய ரன்னிங் லைன். ஹெட்டை வீசினால் அது ரன்னிங் லைனை இழுத்துக்கொண்டு போகும். இந்த ஹெட்டில்தான் நீங்கள் குழம்பிய ஸ்காண்டியும் ஸ்காஜிட்டும் வருகின்றன.

ஸ்காண்டி, பெயரைப் போலவே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. சுவீடனின் யோரான் ஆண்டர்சன் பெயர் இதோடு சேர்ந்தே வரும். மேல்கையை அடக்கிக் கீழ்க்கையால் வீசும் பாணியைப் பரப்பியவர் அவர். நீளம் 35 அடிக்கு முன்னே பின்னே, முனை போகப் போக மெலியும். எடை பின்பக்கம். மிதக்கும் லைன், நீண்ட லீடர், சின்ன ஃப்ளை என்றால் இதுதான். ஓசையில்லாமல் இறங்கும். ஸ்காஜிட் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஆற்றின் பெயர் அது. கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்டை அங்கே ஸ்டீல்ஹெட் என்பார்கள். குளிர்காலத்தில் அது ஆழத்தில் கிடக்கும். அதன் மூக்குக்கு முன்னால் பெரிய, நனைந்த ஃப்ளையைக் கொண்டுபோக எட் வார்ட் போன்றவர்கள் 1990களில் உருவாக்கியது இந்தப் பாணி. ஹெட் 20 முதல் 25 அடிதான், ஆனால் தடி. அதன் முன்னால் 10 அடிக்கு மூழ்கும் துண்டு, அதாவது சிங்க் டிப். டி-11 என்று எழுதியிருந்தால் அடிக்கு 11 கிரெயின். 10 அடித் துண்டு 110 கிரெயின், சுமார் 7 கிராம். டி-8 இன்னும் லேசு, டி-14 இன்னும் கனம். இவ்வளவு கனத்தைத் தண்ணீரிலிருந்து பிய்த்தெடுக்க ஸ்காண்டிக்கு வலு போதாது. ஸ்காஜிட் அதை மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்கிவிடும். அழகு பார்க்காதீர்கள், வேலை நடக்கும்.

இவை இரண்டுக்கும் முந்திய மூன்றாவது வகை, நீண்ட வயிறு கொண்ட பழைய பாணி ஸ்பே லைன். 55, 60 அடிக்கு மேல் ஹெட். அதற்குத்தான் 15 அடி ராடு தேவை. உங்கள் நண்பர்கள் அதைத்தான் வீசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அது சரி. பத்து வருடம் கழித்து உங்களுக்கும் ஆசை வரும். இப்போது வேண்டாம். நீளமான ஹெட்டைத் தூக்கி நங்கூரம் போட நேரக்கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அதில் இறங்கினால் வீச்சு வருமுன் வெறுப்பு வந்துவிடும்.

ஸ்பேக்கு நான் சொல்வது: 13 அல்லது 13½ அடி, 8-ஆம் எண், நாலு துண்டு, நடுத்தர வேகத்தில் வளையும் ராடு. ரொம்ப விறைப்பான ராடு கடை வாசலில் ஆட்டிப் பார்க்க நன்றாக இருக்கும். தண்ணீரில் எப்போது வளைகிறது என்று கைக்குத் தெரியாது. பழைய ராடு கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், துண்டுகள் சேரும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் நகத்தால் தடவிப் பாருங்கள். சுவிட்ச் ராடு என்று 11 அடியில் ஒன்று விற்கிறார்கள், ஒற்றைக்கை, இரட்டைக்கை இரண்டுக்கும் ஆகும் என்று. சின்ன ஆறுகளுக்கு நல்லது. ஸ்பேயில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் நீளம் போதாது. நீளம் என்பது தூரத்துக்கு மட்டுமல்ல. எதிர்க்கரைக்கும் உங்களுக்கும் நடுவே நாலைந்து வேகத்தில் தண்ணீர் ஓடும். லைனைத் தூக்கி மேல்பக்கம் மாற்றி வைக்க நீளமான ராடு வேண்டும்.

எந்த ராடானாலும் துண்டுகள் சேரும் இடத்தில் டேப் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் போதும். ஸ்பே வீச்சு ஒவ்வொன்றும் ராடைக் கொஞ்சம் முறுக்கும். நூறு வீச்சில் பொருத்து தளர்ந்துவிடும். என் நுனித் துண்டு ஒருநாள் வீச்சோடு சேர்ந்து அம்பு மாதிரிப் போனது. லைன் வளையங்களுக்குள் இருந்ததால் ஆற்றோடு போகவில்லை. ஆனால் பாதி கழன்ற நிலையில் வீசியதால் பொருத்து வாய் பிளந்திருந்தது. அந்த டேப்பின் விலை உங்களுக்கே தெரியும்.

லைனைச் சுற்றி வைக்கும் ரீலில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஹெட், ரன்னிங் லைன், அதற்கும் அடியில் சுற்றும் 150 மீட்டர் மெல்லிய நூலான பேக்கிங் மூன்றும் கொள்ள வேண்டும், ராடை மாட்டிப் பிடித்தால் மேல்கை இருக்கும் இடத்தில் தராசு மாதிரி நிற்க வேண்டும். லேசான ரீல் பெருமை ஒற்றைக்கை ராடோடு போகட்டும். இங்கே லேசாக இருந்தால் நுனி கனத்து, சாயங்காலம் மணிக்கட்டு பேசும்.

தண்ணீர் குளிரா, வெதுவெதுப்பா என்பதுதான் லைனை முடிவு செய்யும். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் மீன் மேலே வரச் சோம்பல்படும். சிங்க் டிப், கொஞ்சம் பெரிய ட்யூப் ஃப்ளை (சின்னக் குழாய் மேல் கட்டியது). அதற்கு மேலே என்றால் மிதக்கும் லைன், ராடு நீளத்துக்கு அல்லது கொஞ்சம் கூடுதலாக லீடர், சின்ன ஃப்ளை. சிங்க் டிப் போட்டால் லீடர் 3, 4 அடிக்கு மேல் வேண்டாம், நீளமாக விட்டால் டிப் கீழே போகும், ஃப்ளை மேலேயே மிதக்கும். உங்கள் அபர்டீனில் ஓடும் டீ (Dee) ஆற்றிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ர்ன்டன் பகுதியில் மீன் பிடித்த ஏ.எச்.இ. உட் என்பவர், லைனில் கொழுப்பு தடவி மிதக்கவிட்டு, மெல்லிய சின்ன ஃப்ளையை மேல்மட்டத்திலேயே ஓட்டிப் பேர் வாங்கியவர். வேடிக்கை என்னவென்றால் அவர் வீசியது 12 அடி ராடு, ஒற்றைக் கையால். ஃப்ளைக்கு முதல் பருவத்தில் மூன்று போதும்: கேஸ்கேட், வில்லி கன், சன்ரே ஷேடோ. மீதி எல்லாம் மீனைவிட மனிதனைப் பிடிக்கச் செய்தவை.

வீசிய பிறகு என்ன செய்வது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. எதிர்க்கரைக்கு நேராக வீச வேண்டாம். 45 டிகிரி கீழ்நோக்கி வீசுங்கள். ஃப்ளை வேகமாக இழுபட்டால் லைனின் வயிற்றை ஒருமுறை தூக்கி மேல்பக்கம் வையுங்கள், வேகம் குறையும். பிறகு ராடை லைன் போகும் பக்கம் காட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள். ஃப்ளை ஆற்றைக் குறுக்கே கடந்து, வளைவாக வந்து, உங்களுக்கு நேர் கீழே தொங்கும். அங்கே ஐந்து எண்ணுங்கள், பின்தொடர்ந்து வந்த மீன் பல சமயம் அங்கேதான் முடிவெடுக்கும். இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, இரண்டு அடி கீழே நகர்ந்து, அடுத்த வீச்சு. நகர்வது மரியாதை. ஆற்றில் ஆழமாக ஓடும் பகுதியை இங்கே குளம் (பூல்) என்பார்கள். அதன் மேல்முனையில் இறங்கி, முன்னால் போகிறவருக்குப் பின்னால் வரிசையாக நகர வேண்டும். ஒரே இடத்தில் நின்று பத்து முறை வீசினால் பின்னால் நிற்பவர் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், இந்த ஊர் வழக்கம் அது. மனதில் சொல்வதை நான் எழுத முடியாது.

ட்ரவுட் பழக்கத்தில் ஒன்றை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: கடித்ததும் வெட்டி இழுப்பது. கடலிலிருந்து திரும்பிய சால்மன் ஆற்றில் இரை தின்பதில்லை. அது ஏன் ஃப்ளையைக் கவ்வுகிறது என்பதற்கு ஆளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். எதுவானாலும், கவ்விய பிறகு திரும்பித் தன் இடத்துக்குப் போகும். அந்தத் திருப்பத்தில்தான் முள் வாயோரத்தில் ஏறும். நீங்கள் அவசரப்பட்டால் வாயிலிருந்து உருவிவிடுவீர்கள். பழைய ஆட்கள் ரீலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சின்ன வளையம் லைனைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். முதலில் ஒரு கனம் வரும், ஈரத்துணி சிக்கிய மாதிரி. பிறகு அந்த வளையம் மெதுவாக நழுவிப் போகும். பிறகு ரீல் பேசும். அப்போதுதான் ராடைத் தூக்க வேண்டும். அந்த மூன்று நொடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த வித்தையிலேயே கஷ்டமானது. என் முதல் இரண்டு மீனையும் அங்கேதான் விட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் இங்கிலாந்து மாதிரி ராடு லைசன்ஸ் கிடையாது. ஆனால் சால்மனுக்கு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வீசினால் குற்றம். ஸ்பேயில் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை, ஞாயிறு கிடையாது. தனியார் பகுதிகள் விலை கூடுதல். ஸ்பே கரையிலுள்ள கிராண்டவுன் மாதிரி ஊர்களில் உள்ளூர்ச் சங்கத்தின் தண்ணீருக்குச் சீட்டு வாங்கலாம், ஆரம்பிக்க அது போதும். ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் சால்மன் எதையும் நாடு முழுக்கத் திரும்ப விட்டாக வேண்டும், 2015 முதல் அப்படித்தான். மற்ற மாதங்களிலும் விடுவதே வழக்கம். இங்கே பிடிபடும் காட்டு சால்மனில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்ப ஆற்றுக்கே போகிறது. 2023-இல் பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதனால் கொண்டை நசுக்கிய முள், ரப்பர் வலை, மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுக்காமல் இருப்பது. தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் அன்று மூட்டை கட்டுங்கள், களைத்த மீன் பிழைக்காது. நார்வேயில் மீன் பிடித்துவிட்டு வந்தால் எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்து காய வைத்த பிறகே இந்த ஆறுகளில் இறங்க வேண்டும். அங்கே பல ஆறுகளில் சால்மன் குஞ்சுகளைக் கொன்ற ஒட்டுண்ணி ஈரமான வலையிலேயே பயணம் செய்யும்.

வசந்தம் வரும்வரை பழக வேண்டுமா? புல்தரையில் முயலாதீர்கள், தண்ணீரின் பிடிப்பு இல்லாமல் நங்கூரம் நிற்காது, தப்பான பழக்கம்தான் கையில் ஏறும். அனுமதி கேட்டு ஏதாவது ஏரிக்கரையில் முழங்காலளவு இறங்கி, முள் இல்லாமல் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை முடிச்சுப் போட்டு வீசுங்கள். நூல் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே நங்கூரம் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் மேல்கை பழையபடி தள்ள ஆரம்பித்துவிடும்.

அப்புறம், தண்ணீரில் போட்டுக்கொண்டு இறங்கும் ரப்பர் காற்சட்டை. தமிழில் எழுதினால் வேடர் என்றே வருகிறது, பொருத்தம்தான். அதன் மேல் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையாது. ஊன்றுகோல் கட்டாயம், ஸ்பேயின் அடியில் உருண்டைக் கல். ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள் தம்பி, மார்ச் மாதத்தில் உள்ளே இரண்டு கம்பளிக் காலுறை போக வேண்டும்.